களம் அகலா ஆசான்

அமெரிக்கர் கால்பந்து என அழைப்பது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் முரட்டு ஆட்டம் அது. மோதலும் வீழ்த்தலும் அதன் இயல்பு. அவ்வாட்டத்தைக் கல்வியின் ஒரு கூறாகக் கருதி, தொண்ணூறு வயதைக் கடந்தும் கற்பித்தவர் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில், செருப்புத் தைத்துப் பிழைத்த ஏழைத் தொழிலாளியின் மகனாக 1862ஆம் ஆண்டு ஸ்டாக் பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் வறுமையோடு போராடிப் பயின்றார். அங்குப் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதில் பெரும்புகழ் பெற்றார். தொழில்முறை அணிகள் பொருள் தந்து அழைத்தபோதும் அவர் செல்லவில்லை. சமயப் போதகராவதே அவருடைய விருப்பமாக இருந்தது. ஆயின், மேடையில் பேசும் ஆற்றல் தமக்கு வாய்க்கவில்லை என உணர்ந்து அந்தப் படிப்பைக் கைவிட்டார். போதகர் மேடையில் செய்ய எண்ணிய பணியை விளையாட்டுக் களத்தில் செய்யத் துணிந்தார்.

ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் பயிற்சிப் பள்ளியில் சிலகாலம் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டம் அப்பள்ளியில்தான் தோன்றியது. 1892இல் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த அதன் முதல் ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என வென்றனர். ஆசிரியர் அணியின் அந்த ஒரே புள்ளியை ஈட்டியவர் ஸ்டாக்.

அதே ஆண்டு, புதிதாகத் தொடங்கப்பெற்ற சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் தம்மிடம் பயின்ற ஸ்டாக்கை உடற்கல்வித் துறையின் இயக்குநராக அழைத்துக்கொண்டார். பயிற்றுநரைப் பருவந்தோறும் கூலிக்கு அமர்த்தும் வழக்கம் நிலவிய காலம் அது. ஸ்டாக்கிற்கோ பேராசிரியர் தகுதியும் நிலையான பணியும் வழங்கப்பட்டன. பிற்காலப் பயிற்றுநர் பலரின் மதிப்பு உயர்ந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிதும் காரணமாயிற்று.

சிகாகோவில் அவர் 41 பருவங்கள் பணியாற்றினார். 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த மிச்சிகன் அணியை 1905இல் 2-0 என்னும் சிறு வேறுபாட்டில் அவருடைய மாணவர்கள் வீழ்த்தினர். அவ்வாட்டத்தில் இளைஞர் பலர் உயிரிழந்து நாடே கலங்கிய ஆண்டும் அதுவே. விதிகள் திருத்தப்பெற்று, 1906 முதல் பந்தை முன்னோக்கி எறிதல் அனுமதிக்கப்பட்டது. விதிகளை வகுக்கும் குழுவில் இடம்பெற்றிருந்த ஸ்டாக், அப்புதிய முறையைத் தம் அணிக்கு விரைந்து பயிற்றுவித்தார். எனினும், வெற்றி பெருகப் பெருக, ஆட்டக்காரருக்குப் படிப்பில் சலுகை காட்டப்படுகிறது என்ற முணுமுணுப்பும் சிகாகோவில் எழுந்தது. அது முற்றிலும் பொய் எனத் தள்ளுவதற்கில்லை.

1932இல் ஸ்டாக்கிற்கு எழுபது வயது நிறைந்தது. ஓய்வு வயது குறித்த விதியைப் பல்கலைக்கழகம் அவருக்கும் பொருத்தியது. பயிற்சியோடு தொடர்பில்லாத வேறொரு பொறுப்பைத் தர முன்வந்தது. களத்தில் இறங்காத பதவி தமக்கு வேண்டா என மறுத்து, கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்த பசிபிக் கல்லூரி என்னும் சிறிய கல்லூரிக்குச் சென்றார். உடன்பயணித்த மனைவி ஸ்டெல்லா, எதிரணிகளின் ஆட்டத்தை நோக்கிக் குறிப்பெடுத்துத் தருபவராகவும் விளங்கினார்.

1938இல் பசிபிக் அணி சிகாகோவுக்கு வந்தது. ஸ்டாக்கின் பெயரையே தாங்கிய திடலில், அவர் உருவாக்கிய பழைய அணியை 32-0 என வென்றது. அடுத்த ஆண்டின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகம் அவ்வாட்டத்தையே கைவிட்டது. ஆட்டம் ஒழிந்த அத்திடலின் மேற்குப் பார்வையாளர் மாடத்தின் அடியில், 1942 டிசம்பர் 2ஆம் நாள், என்ரிகோ ஃபெர்மி குழுவினர் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்தினர். மறு ஆண்டு, 81 வயதில், ஸ்டாக் நாட்டின் சிறந்த பயிற்றுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1946 வரை பசிபிக் கல்லூரியில் இருந்தவர், பின்னர்ப் பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்தில் தம் மகனுக்குத் துணையாகப் பயிற்சியளித்தார். தந்தை தலைமை ஏற்க, மகன் உதவுவதே உலக வழக்கம். இங்கு அது மாறிற்று. மீண்டும் ஸ்டாக்டன் திரும்பி, அங்கிருந்த இளநிலைக் கல்லூரியிலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். 314 வெற்றிகள் என அவர் பெயரில் நின்ற எண்ணிக்கையை 1981இல்தான் பேர் பிரையண்ட் கடந்தார்.

ஸ்டாக் 1965 மார்ச் 17ஆம் நாள், 102ஆம் வயதில் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகம் மீண்டும் கால்பந்து அணியை அமைத்தது. பழைய திடல் இருந்த இடத்தில் இன்று பல்கலைக்கழக நூலகம் நிற்கிறது.