தட்டில் தங்கிய குரல்

பாடியவரோடு பாட்டும் மறைவதே முன்னாளைய இயற்கை. அந்நிலையை மாற்றியது இசைத்தட்டு. இதற்குத் தமிழகத்தில் தலையாய சான்றாக நாம் காண்பது எஸ்.ஜி. கிட்டப்பாவின் வாழ்வு.

1906இல் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா, வறுமை காரணமாக இளமையிலேயே நாடக மேடை ஏறினார். நம் தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அந்நாடகத்தில் தம்முடன் நடித்த கே.பி. சுந்தராம்பாளை 1927இல் மணந்தார்.

ஒலிபெருக்கியின்றிக் கொட்டகையின் கடைக்கோடி வரை எட்டிய குரல் அவருடையது. இசைத்தட்டோ ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே கொள்ளும். மெழுகில் ஊசி கீறிய வரி உலோக அச்சாகும். அவ்வச்சு அரக்குக் கலவையில் அழுந்தித் தட்டாகும். நிமிடத்துக்கு 78 சுற்றாகச் சுழன்ற அத்தட்டின் சிற்றெல்லைக்குள் அவர் பாடிய ‘எவரனி’ என்னும் தியாகராசர் கீர்த்தனை இன்றும் நம்மை வியக்கச் செய்கிறது.

1931இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்தது. கிட்டப்பா அதில் தோன்றவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் நாள், 27 வயதில், அவர் மறைந்தார். மேடை நடிப்பு கண்டவர் நினைவோடு போயிற்று. குரல் மட்டும் தங்கியது.

அரக்குத் தட்டு எளிதில் உடைவது. பின்னர் வந்த வினைல் தட்டு அத்துணை எளிதில் உடையாது. எனினும் கீறலுக்கும் வெயிலுக்கும் அதுவும் தப்பாது. போற்றி வைத்தோர் இருந்தமையாலேயே கிட்டப்பாவின் குரல் நம் செவிக்கு எட்டியது. சாகுபுரம் வட்டாரத்து வீடுகளின் பரண்களில் பழைய தட்டுகள் இருப்பின், அவற்றைக் காப்பது மாணவர் கடன். சிப்பி மடிந்தபின்னும் முத்து ஒளிர்வதை முத்துக்குளித்துறை மக்களாகிய நாம் அறிவோம்.