கல்விக்கு இதழ் நடத்திய சித்திலெவ்வை

பேகம்பூர்த் தெருக்களில் நம் பெண்மக்கள் புத்தகப் பையுடன் செல்லக் காணுந்தோறும், இலங்கையின் கண்டி நகரில் வாழ்ந்த அறிஞர் சித்திலெவ்வை நம் நினைவில் எழுகின்றார். 1838இல் பிறந்த அப்பெருந்தகை வழக்கறிஞர். பொருளீட்ட வழியிருந்தும் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார். ஆங்கிலக் கல்வி ஈமானைக் குலைக்குமென அஞ்சிய சமுதாயத்தாரிடம், மார்க்கக் கல்வியும் உலகக் கல்வியும் ஒருங்கே வேண்டுமென அதில் வாதிட்டார், எதிர்ப்புக்கும் ஆளானார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் புதினமும் படைத்தார். தமிழ் நாவல் வரலாறு எழுதுவோர் சிலர் இதனை மறந்துவிடுவது நமக்கு வருத்தமே. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்திருந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பும் சேர, 1892இல் கொழும்பில் பள்ளியொன்று எழுந்தது. அதுவே ஸாஹிராக் கல்லூரி. அதற்கு முன்னரே கண்டியில் பெண்களுக்கெனப் பள்ளி கண்டிருந்தார். 1898இல் மறைந்தார்.