பழைய கடையில் வாங்கிய சாமி படம்... வரைந்தது யார்? கோவில்பட்டி கொண்டைய ராஜுவின் கதை!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ, திருநெல்வேலிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையிலோ சாமி படம் ஒன்று வாங்கியிருக்கிறீர்களா? மரச் சட்டம், மங்கிய கண்ணாடி, உள்ளே மீனாட்சி திருக்கல்யாணம். ஓரத்தில் சி.கொண்டைய ராஜு என்று கையெழுத்து. அது கையால் வரைந்த அசல்தான் என்று கடைக்காரர் அடித்துச் சொல்லி, விலையையும் ஏற்றியிருப்பார். நம்பலாமா?

அவர் கதை தெரிஞ்சாதான் உங்க படத்தோட பூர்வீகமும் பிடிபடும்.

கொண்டைய ராஜு 1898-ல் சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். நல்ல வேலை, குடும்பம் என்று செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா, மனசு வேற பக்கம் போச்சு. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கினார். ரமணரையும் ஓவியமாகத் தீட்டினார். கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அப்புறம் நாடகக் கம்பெனியில் சீன் வரையும் வேலை. அரண்மனை, காடு, நந்தவனம் என்று பெரிய பெரிய படுதாக்கள். கம்பெனி போகிற ஊருக்கெல்லாம் இவரும் போவார். 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. ராஜு அங்கேயே தங்கிவிட்டார்.

இங்கேதான் நம்ம வீட்டுப் பூஜையறைகளின் தலையெழுத்தே மாறியது. பக்கத்திலேயே சிவகாசி. அங்கே லித்தோ பிரஸ்கள். வருஷம் பிறந்தால் ஜவுளிக்கடை முதல் மளிகைக்கடை வரை வாடிக்கையாளருக்குக் கொடுக்க காலண்டர் வேண்டும். காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் வரைந்த படங்கள் சிவகாசிக்குப் போய், அச்சாகி, ஊரெங்கும் சுவரேறின. மீனாட்சி கல்யாணமும் கஜலட்சுமியும் பெரிய ஹிட். அந்தப் படங்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. சாமி நேராக நம்மைப் பார்க்கும். பின்னால் தூண்கள், மலை, தாமரைக் குளம். நாடக மேடை கண்ணுக்குத் தெரியுதா?

ராஜு தனியாள் இல்லை. டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம், செண்பகராமன் என்று ஒரு சீடர் கூட்டமே இருந்தது. பல படங்களில் குரு பெயரோடு சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். ஒரே படத்தில் இரண்டு கைகள். கோவில்பட்டியில் அதை யாரும் மறைக்கவில்லை. அதனால, ஓரத்தில் ராஜுவின் பெயர் இருக்கு என்பதற்காக முழுப் படமும் அவர் ஒருவரே தீட்டியது என்று முடிவு கட்டிவிட முடியாது.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது? முதலில் ஒரு பூதக்கண்ணாடி எடுங்க. வண்ணங்கள் சீரான சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. பழைய லித்தோவில் புள்ளிகள் சீராக இருக்காது, மணல் தூவியதுபோலத் தெரியும். அதுவும் அச்சுதான். தூரிகை இழுத்த தடம், வண்ணம் மேடேறிய இடம் தெரிந்தால் மட்டும் மேற்கொண்டு விசாரியுங்கள். ஜரிகை, பாசிமணி ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அச்சுப் படங்களையும் அப்படி அலங்கரிப்பது உண்டு.

அடுத்து, படத்தின் கீழ்விளிம்பு. பிரஸ் பெயரோ, காலண்டர் கொடுத்த கடையின் பெயரோ சட்டத்துக்குள் மறைந்திருக்கலாம். பின்பக்கம் பிரேம் கடை லேபிள் இருந்தால் ஜாக்பாட்! முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா? அப்படியென்றால் அந்த லேபிள் 1972-க்கு முந்தையது அல்ல. கோவில்பட்டி, திருநெல்வேலி ஜில்லா என்று இருக்கிறதா? கொற்கை, கோவில்பட்டி எல்லாம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1986-ல். அதற்கு முன்பு அச்சடித்த லேபிளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். லேபிள் சொல்வது சட்டம் போட்ட காலத்தைத்தான், படம் வரைந்த காலத்தை அல்ல.

தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீங்க. நீரில் கரையும் வண்ணமாக இருந்தால் அசலே அழிந்துபோகும். லேபிளையும் பிய்க்க வேண்டாம், போட்டோ எடுத்து வையுங்கள். எந்தக் கடை, எந்தத் தேதி, எந்த வீட்டிலிருந்து வந்தது என்று விசாரித்து எழுதி, ஒரு கவரில் போட்டுப் படத்தோடு வையுங்கள்.

கொண்டைய ராஜு 1976-ல் மறைந்தார். உங்க கையில் இருப்பது அச்சுப் பிரதிதான் என்று தெரிந்தால், கொடுத்த விலைக்காகக் கொஞ்சம் வருத்தம் வரலாம். ஆனால், அவர் உழைத்ததே அச்சுக்காகத்தான். அசல் பிரஸ்ஸுக்குப் போகும், பிரதி வீட்டுக்கு வரும். அந்தப் பிரதியைத்தான் நம்ம பாட்டிகள் விளக்கேற்றிக் கும்பிட்டார்கள். படத்தை மாட்டும்போது கூடவே இருக்கும் சுப்பையாவின் பெயரையும் சட்டம் மறைக்காமல் பார்த்துக்கோங்க.