வரி போட்ட கவர்னர்

சங்கச் சந்தாவைக் கொஞ்சம் கூட்டணும் என்று சொல்லிக்கிட்டு லயத்து வாசலில் நின்ற ஆள் நான். அப்போது எதிரே இருக்கிற முகங்கள் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ரிச்சர்ட் ஒகில்வி கதை எனக்குப் பிடித்துப் போனது.

இவர் அமெரிக்காக்காரர், 1923-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரான்சில் டாங்கிப் படையில் இருந்தபோது முகத்தில் பலத்த காயம். அதற்கப்புறம் சரியாகச் சிரிக்க வராது. ஓட்டுக் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வராவிட்டால் என்ன பாடு, நீங்களே யோசிச்சுப் பாருங்க!

சட்டம் படித்தார். அக்கார்டோ என்ற சிக்காகோ குண்டர் தலைவனை 1960-ல் வருமான வரி வழக்கில் கூண்டில் ஏற்றினார். மேல் கோர்ட்டில் தீர்ப்பு ரத்தானது வேற விஷயம். பெயர் பரவிவிட்டது. 1969 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் கவர்னர் ஆனார். சிக்காகோ பட்டணம் இருக்கிறதே, அந்த மாநிலம்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் வரவு செலவுக்குக் கட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேணும், மனநல ஆஸ்பத்திரிக்குப் பணம் வேணும். அதுவரை அங்கே சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. ஒகில்வி அந்த வருஷமே போட்டார். தனி ஆளுக்கு நூற்றுக்கு இரண்டரை, கம்பெனிக்கு நூற்றுக்கு நாலு. கூலிக்காரனுக்கும் கோடீஸ்வரனுக்கும் ஒரே இரண்டரை என்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வசூலில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஊர் நிர்வாகங்களுக்கே திருப்பிக் கொடுத்தார். தன் பதவிக்கே இது உலை வைக்கும் என்று தெரிந்தேதான் செய்தார்.

உலை 1972-ல் கொதித்தது. எதிரே நின்றவர் டேனியல் வாக்கர். முந்தின வருஷமே மாநிலம் முழுக்க ஏறக்குறைய 1,200 மைல் கால்நடையாக நடந்து, ஜனங்களோடு பேசி வந்த மனுஷன். ஒகில்வியோ ஆபீசில் கணக்குப் பார்த்தவர். அதே நாளில் அவர் கட்சிக்காரரான நிக்சன் அந்த மாநிலத்தில் ஜனாதிபதி தேர்தலில் அமோகமாக ஜெயித்தார். அப்படியும் ஒகில்விக்கு ஓட்டு எட்டவில்லை. 46 லட்சத்துக்கும் மேல் விழுந்த ஓட்டில், சுமார் 77,000 வித்தியாசத்தில் தோற்றார்.

சரி, ஜெயித்து வந்த வாக்கர் அந்த வரியை எடுத்தாரா? எடுக்கவில்லை. அந்தப் பணம் இல்லாமல் அவராலும் மாநிலத்தை நடத்த முடியாதே. 1976-ல் சொந்தக் கட்சியே அவருக்கு மறுபடி இடம் கொடுக்கவில்லை.

ஒகில்வி பிறகு தேர்தல் பக்கம் போகவில்லை. வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார், திவாலான ஒரு ரயில் கம்பெனியை நிர்வகித்தார், 1988-ல் காலமானார். சிக்காகோவில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இறங்குகிற ஒரு பெரிய ரயில் நிலையத்துக்கு 1997-ல் அவர் பெயரை வைத்தார்கள். அங்கே இறங்குகிறவர்கள் சம்பளத்தில் அந்த வரி இன்றும் பிடிக்கப்படுகிறது. இரண்டரை இப்போது ஐந்தை ஒட்டி வந்துவிட்டது.