கறையான் காத்திராது



நம் விடுதியில் நாள்தோறும் மிகுதியாக வழங்கும் சொல் எது என்று கேட்டால், 'நாளை' என்றுதான் சொல்வேன். பிறரைப் பழித்து இதை எழுதவில்லை. என் ஆய்வறிக்கையின் முதல் இயல் நான்கு திங்களாகத் தலைப்போடு நிற்கிறது. இன்னும் ஒரு நூலைப் படித்துவிடலாம், இன்னும் ஒரு சோதனையை முடித்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே நாட்கள் போயின.

நான் பிறந்தது மூணாற்றுக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வட்டவடை. பல தலைமுறைகளுக்கு முன் மலையேறி வந்த தமிழர்கள் படிப்படியாக நிலத்தை வெட்டிப் பூண்டும் காய்கறியும் விளைவிக்கும் ஊர் அது. பருவம் தவறினால் விதைப்பூண்டு பரணிலேயே முளைவிட்டு வற்றிப்போகும். அதனால் எங்கள் வீட்டில் நடவை யாரும் தள்ளிப்போட்டதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வேலையில் மட்டும் இந்த நோய் ஏன் வந்தது? இவ்வாறு நொந்திருந்த நாட்களில்தான் உ. வே. சாமிநாத ஐயரின் வரலாற்றைப் படித்தேன்.

உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல், ஆசிரியர் 1876இல் மறையும் வரையில், உடனிருந்து பயின்றார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியாருக்கு அவை பெரிதாகத் தோன்றவில்லை. சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று அவர் கேட்டார். இருபத்தைந்து வயது ஆசிரியர் இல்லை என்றே விடை சொல்ல வேண்டியிருந்தது.

தோழர்களே, நாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? முதலில் சமண சமயத்தை முற்றக் கற்போம், பிறகு சிந்தாமணியைத் தொடலாம் என்று ஒதுக்கி வைத்திருப்போம். அது அடக்கம் போலத் தோன்றும். உள்ளே இருப்பதோ, நம் குறை வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம். தள்ளிப்போடுவதற்கெல்லாம் சோம்பலே காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். என்னைப் பொறுத்தவரை இந்த அச்சமே பெரிய காரணம் என்பது இப்போது விளங்குகிறது.

ஐயர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார். தெரியாத இடங்களை எடுத்த பிறகு தெரிந்துகொண்டார். கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று, அவர்களைக் கேட்டுக் கற்றார். ஊர் ஊராகப் பிரதிகளைத் திரட்டி ஒப்பிட்டார். வேறுபட்ட பாடங்களைக் குறித்து வைத்தார். பொருள் உதவி வேண்டிப் பலரிடம் கையொப்பம் வாங்கினார். கல்லூரி வேலைக்கு இடையே சென்னை சென்று அச்சுத்தாள்களைத் திருத்தினார். 1887இல் நூல் வெளிவந்தது. திருந்திய இரண்டாம் பதிப்பு வந்தது 1907இல். திருத்தங்கள் எல்லாம் முடியட்டும் என்று இருந்திருந்தால் முதற்பதிப்புக்கே இருபது ஆண்டுகள் ஆகியிருக்கும்!

இவ்வளவு விரைவு ஏன்? ஏடு தேடித் திருநெல்வேலிப் பக்கம் சென்றபோது அவர் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் அங்கே இருக்கும் என்று நம்பிச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டார்கள் என்ற செய்தியே கிடைத்தது. வேறு ஊர்களில் சிதைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டிருந்தார்கள். எஞ்சியவற்றைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. தாம் ஆயத்தமாகும் வரையில் ஏடு காத்திராது என்பதை அவர் கண்ணாரக் கண்டவர். பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சேறின. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய பின்னும் வேலை நிற்கவில்லை. குறுந்தொகைப் பதிப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு.

இத்தகையவரிடமும் காத்துக் கிடந்த பணிகள் உண்டு. தம் ஆசிரியரின் வரலாறு 1933இலும் 1934இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல், எண்பத்தைந்தாம் வயதை நெருங்கியபோது. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானார். கதை மணிமேகலைப் பதிப்புக் காலத்தைச் சுற்றியே நின்றுவிட்டது. பின்னைய நாற்பது ஆண்டுகளை அவர் வாயால் கேட்கும் பேறு நமக்கு இல்லை. பிறர் ஏடுகளை முந்த வைத்துத் தம் ஏட்டைப் பிந்த வைத்தார் என்றே நான் எண்ணுகிறேன். காரணம் எவ்வளவு உயர்ந்ததாயினும், காலம் அதற்காக நின்று கொடுக்கவில்லை.

இதைப் படித்த இரவில் என் அறிக்கையை எடுத்தேன். தெரிந்ததை எழுதினேன், தெரியாத இடங்களை வெற்றிடமாக விட்டுப் பக்கத்தில் வினாக்குறி இட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் பதினோரு வினாக்குறிகள். மறுநாள் அவற்றுள் மூன்றுக்கு விடை தேடப் பேராசிரியரிடம் போனேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. கேட்ட பின் அந்த வெட்கம் இல்லை.

இந்தக் கட்டுரையையே மலர்க் குழுவினர் மும்முறை கேட்ட பிறகுதான் கொடுக்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசையிலும் தலைப்போடு நிற்கும் தாள் ஒன்று இருக்கும். அதில் இன்றிரவு வினாக்குறிகளோடாவது ஒரு பக்கம் எழுதுங்கள். விடைகளை நாளை தேடுவோம்.