ஹெல்மெட் உயிர் காக்கும்னு கணக்குப் போட்டுக் காட்டிய டாக்டர்: யார் இந்த ஹியூ கெய்ர்ன்ஸ்?

பைக்கை எடுத்தா ஹெல்மெட் போடணும்னு இன்னைக்கு எல்லாருக்கும் தெரியும். ஆனா, ஹெல்மெட் நிஜமாவே உயிரைக் காப்பாத்துமா என்று ஆராய்ந்து பார்த்த முன்னோடி யார் தெரியுமா? மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ்.

யார் இவர்?

ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரீ நகரில் 1896-ல் பிறந்தவர். அடிலெய்டில் மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். 1926-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஹார்வி குஷிங்கிடம் மூளை அறுவை சிகிச்சை பயின்று, லண்டன் திரும்பினார்.

1935-ல் என்ன நடந்தது?

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று உலகம் அறிந்த டி.இ.லாரன்ஸ், அந்த ஆண்டு மே 13-ம் தேதி இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் சென்ற 2 சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பியவர், தூக்கி வீசப்பட்டார். தலையில் ஹெல்மெட் இல்லை. அவருக்குச் சிகிச்சை அளிக்க அழைக்கப்பட்ட டாக்டர்களில் கெய்ர்ன்ஸும் ஒருவர். ஆனால் நினைவு திரும்பாமலேயே 6 நாள் கழித்து லாரன்ஸ் இறந்தார். வயது 46.

போர் சொன்ன கணக்கு

இரண்டாம் உலகப் போரில் தலைக்காயத்துக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டில் ராணுவ மருத்துவமனை தொடங்கினார் கெய்ர்ன்ஸ். அறுவை சிகிச்சைக் குழுக்களை வண்டியில் ஏற்றிப் போர்முனைக்கே அனுப்பும் ஏற்பாட்டையும் செய்தார். ஆனா, எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷன் செய்தாலும், மூளையில் பலத்த அடி விழுந்தபின் டாக்டரால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அப்போ, அடியே விழாம தடுக்க முடியுமா?

1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசியது. போரின் முதல் 21 மாதங்களில் பைக் ஓட்டியவர்கள், பின்னால் உட்கார்ந்து போனவர்கள் என 2,279 பேர் விபத்தில் இறந்திருந்தார்கள். முக்கியக் காரணம் தலைக்காயம். ஹெல்மெட்டோடு விபத்தில் சிக்கியவர்களில் அவர் பார்த்தது வெறும் 7 பேர். அந்த 7 பேருமே பிழைத்துக்கொண்டார்கள்.

7 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அதனால் கெய்ர்ன்ஸ் அதோடு நிறுத்தவில்லை. 1941 நவம்பரில், பணியில் பைக் ஓட்டும் ராணுவத்தினருக்கு ஹெல்மெட் கட்டாயமானது. இயற்பியலாளர் ஹோல்போர்னுடன் சேர்ந்து, விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டுகளை ஆராய்ந்தார். போர் முடிந்ததும் 1946-ல், ஹெல்மெட் கட்டாயமான பிறகு பைக் மரணங்கள் குறைந்ததைப் புள்ளிவிவரத்தோடு வெளியிட்டார்.

சட்டம் எப்போ வந்தது?

1952-ல் புற்றுநோயால் கெய்ர்ன்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 56. பிரிட்டனில் பைக்கில் போகும் எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது 1973-ல்தான். ராணுவத்துக்குப் போட்ட அதே உத்தரவு, ரோட்டில் போற சாதாரண ஆளுக்கு வந்து சேர 32 வருஷம் ஆச்சு.