டோரா ரிக்டர்: எரிந்த நூலகமும் எஞ்சிய பெயரும்

1892ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் பொகீமிய மலைச்சிற்றூரான சைஃபனில், எளிய குடும்பமொன்றில் டோரா ரிக்டர் பிறந்தார். தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு அவரை ஆண் குழந்தையாகக் குறித்துக்கொண்டது. தாம் பெண் என்பதை அவர் சிறுவயதிலேயே உணர்ந்திருந்தார். வளர்ந்து பெர்லின் சேர்ந்தபோது, பெண்ணுடை அணிந்ததற்காகக் கைது செய்யப்பட்டார்.

அந்நகரில் 1919இல் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் தொடங்கிய பாலியல் அறிவியல் நிறுவனம் அவருக்குப் புகலிடமாயிற்று. வேறெங்கும் வேலை கிடைக்காத மாற்றுப்பாலினத்தாருக்கு அங்கே பணி தரப்பட்டது. டோரா பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். 1931இல் அவருக்குப் பாலின மாற்று அறுவை சிகிச்சை நிறைவுற்றது. முழுமையான சிகிச்சை பெற்றோராக அறியப்பட்டவர்களுள் அவர் முதன்மையானவர்.

மக்கள் நம்பி ஒப்படைத்த கடிதங்களும் புகைப்படங்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் அந்நிறுவனத்தில் குவிந்திருந்தன. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் அதைச் சூறையாடினர். மே 10 அன்று அதன் நூல்கள் பெர்லின் சதுக்கமொன்றில் எரிக்கப்பட்டன. சூறையாடியவர்கள் கல்வி கற்றவர்கள் என்பதை மாணவர்களாகிய நாம் மறக்கலாகாது.

மருத்துவரின் வாழ்வை உலகம் எழுதிவைத்தது. 1935இல் அவர் நாடுகடந்த நிலையில் இறந்ததை அது அறியும். பணிப்பெண்ணைத் தேட எவருமில்லை. அத்தாக்குதலிலேயே டோரா மாண்டார் என்று பல பத்தாண்டுகள் எழுதினர். அண்மையில்தான் ஆய்வாளர்கள் அவருடைய ஞானஸ்நானப் பதிவைக் கண்டெடுத்தனர். அவர் பிறந்த வட்டாரத்துக்குத் திரும்பியிருந்தார். 1934இல் செக்கோஸ்லோவாக்கிய அரசிடம் சட்டப்படி பெயர் மாற்றம் பெற்றிருந்தார். பதிவேட்டிலும் அது ஏறியிருந்தது. போருக்குப் பின் ஜெர்மானிய மொழியினர் வெளியேற்றப்பட்டபோது பவேரியா சென்று, 1966இல் காலமானார். பெரும் நூலகம் எரிந்தது. பழைய ஏட்டின் ஒரு திருத்தம் அவருக்கு 33 ஆண்டுகளை மீட்டுக் கொடுத்தது.

இது தொலைதூரக் கதையன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், அது நடைமுறையிலிருந்த வட இந்தியப் பகுதிகளில், ‘அலிகள்’ என்று பதிவு செய்யப்பட்டோர் கொடை வழங்குவதையும் உயில் எழுதுவதையும் தடுத்தது. குரு தம் சேலாவுக்கு எதையும் சட்டப்படி விட்டுச்செல்ல இயலாது. உடைமையின் தொடர்ச்சியை அறுத்தால் வரலாற்றின் தொடர்ச்சியும் அறும்.

செங்கோட்டை வட்டாரம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியின் கீழ் இருந்தது. எல்லை மாறினால் ஆவணம் வேறோர் அரசின் கையில் தங்கிவிடும் என்பதை நாம் அறிவோம். அரசேட்டில் என்றுமே இடம்பெறாதவர்களின் நிலை இன்னும் கடினம். திருநங்கையர் விட்டுச்செல்லும் சலங்கை, கரகம், குருவோடு எடுத்த படம், நலவாரிய அடையாள அட்டை ஆகியவையே அவர்களின் ஏடுகள். இறப்புக்குப் பின் பிறந்த வீட்டார் வந்து அவற்றை அழிப்பதற்கு முன், உயிரோடிருக்கும்போதே அவை பொதுச் சேகரிப்புக்குக் கொடையாக வர வேண்டும்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 123ஆம் பிரிவுப்படி, அசையும் பொருளை ஒப்படைத்தாலே கொடை நிறைவேறும். பின்னர் நினைத்தவுடன் அதைத் திரும்பப் பெற இயலாது. ஆகவே எந்தப் பெயரில் காட்சிப்படுத்துவது, யார் பார்க்கலாம், எதை மறைப்பது என்பனவற்றை முன்னரே எழுதி ஒப்பமிடுக. படிகளை வேறிடத்திலும் வைத்திடுக. சேகரிப்பின் பொறுப்பிலும் திருநங்கையரே அமர்க; பணிப்பெண்ணாக மட்டுமல்ல.